இன்பத்தைப் பகுத்தறிய இஞ்ஞாசியார் காட்டும் வழி

இன்பம் என்றாலே பக்திக்குப் பகை என்று எண்ணி, நோன்பு நாள்களான தவக்காலத்தின் வாடிய முகத்தை ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டிருக்கும் கிறிஸ்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் மனமாற்றத்தை ஊன்றிக் கவனிப்பது நல்லது. 1521 மே மாதம் ஸ்பெயினின் பம்பலோனாக் கோட்டையில் போரிட்டபோது பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, சொந்த ஊரான லொயோலாவில் படுக்கையில் கிடந்தபோது, அவர் விரும்பிய வீரக்கதைகள் அங்கே கிடைக்காததால் கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர்களின் வரலாறுகளையும் வாசித்தார். உயர்குலப் பெண் ஒருத்திக்காகச் சாகசம் புரிவதாகக் கற்பனை செய்தபோதும் அவருக்கு இன்பம் உண்டாயிற்று. புனிதர்களான பிரான்சிசையும் தோமினிக்கையும் போல வாழ்வதாக எண்ணியபோதும் இன்பம் உண்டாயிற்று. ஆனால் முதல் கற்பனை கலைந்ததும் மனம் வறண்டது, இரண்டாவது கலைந்த பின்னும் நிறைவு நீடித்தது. ஆகவே, இன்பம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது போன பின் மனத்தில் எதை விட்டுச்செல்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

இதை அன்றாடம் பழக, இரவில் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். பாவங்களைப் பட்டியலிட்டுத் தொடங்காதீர்கள். அன்றைய நாளைக் கடவுள்முன் திரும்பிப் பார்க்கும் இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனையே நன்றியில்தான் தொடங்குகிறது. அன்று உங்களை மகிழ்வித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது மாலையில் குடித்த காபியாகவோ, நண்பரோடு சிரித்துப் பேசியதாகவோ, கைப்பேசியில் பார்த்த காணொளிகளாகவோ இருக்கலாம். அந்த வேளையில் எப்படி இருந்தது, ஒரு மணி நேரம் கழித்து எப்படி இருந்தது, அதன்பின் வீட்டாரிடம் கனிவாகப் பேச முடிந்ததா, எரிந்து விழுந்தீர்களா என்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். சில வாரங்கள் தொடர்ந்தால், எது உங்களைக் கடவுளிடமும் மனிதரிடமும் திருப்புகிறது, எது உங்களை உங்களுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது என்பது தானாகப் புலப்படும்.

உடலின் சுகத்தையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த, நான்கு வாரங்களாகப் பகுத்து இஞ்ஞாசியார் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், கிறிஸ்துவின் உயிர்ப்பைத் தியானிக்கும் நான்காம் வாரத்துக்குரிய குறிப்பொன்று, படைத்தவரில் மகிழ உதவுமானால் கோடையில் குளிர்ச்சியையும் குளிர்காலத்தில் வெயிலையோ நெருப்பையோ பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறது. கடுந்தவம் செய்து உடலைக் கெடுத்துக்கொண்ட ஒருவர் இதை எழுதினார் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா காலத்திலாவது, மாடியில் காற்றாட அமர்ந்து செபிப்பதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள்.

அதே வேளையில், பக்தியில் வரும் இன்பம் எல்லாமே கடவுளிடமிருந்து வருவதாகவும் கொள்ளக்கூடாது. மனமாற்றத்துக்குப்பின் தவம் செய்து தங்கியிருந்த மன்ரேசா என்ற ஊரில் இஞ்ஞாசியார் படுக்கச் செல்லும் நேரத்தில், செபத்தில் கிடைக்கும் பெரும் ஆறுதல்கள் பொங்கிவந்து, உறக்கத்துக்கென்று வைத்திருந்த சிறிது நேரத்தையும் பறித்தன. அவை நல்ல ஆவியிடமிருந்து வருகின்றனவா என்று ஐயுற்ற அவர், அவற்றை விட்டுவிட்டு உறங்குவதே மேல் என்று முடிவு செய்தார். கடமையையும் உடல்நலத்தையும் அரித்துக்கொண்டு வரும் பரவசத்தை நீங்களும் அப்படியே ஐயுறலாம்.

மகிழ்ச்சி அறவே வற்றிய நாள்களும் வரும். அப்போது முன்பு எடுத்த நல்ல முடிவுகளை மாற்றாதீர்கள். செப நேரத்தைக் குறைக்கத் தோன்றினால், குறித்த நேரத்துக்கு மேலும் சில நிமிடங்கள் இருந்துவிட்டே எழுங்கள்.