படத்தின் மேல் எழுத்து: புள்ளி மறையாமல் வைப்பது எப்படி

தைப்பூசக் காவடிக்கான அறிவிப்புப் பக்கம் என்றால் முகப்பில் காவடிப் படத்தைப் பெரிதாகப் போட்டு, அதன் மேல் வெள்ளை எழுத்தில் நேரத்தை எழுதத்தான் கை போகும். அந்தப் படத்தில் மஞ்சள் துணி, ரோஜா நிறப் பூ, பச்சை ஓலை, மயிற்பீலி எல்லாம் இருக்கும். 'பால்குடம் காலை 6 மணி' என்று எழுதினால், ல் மேல் உள்ள புள்ளி ஒரு வெள்ளைப் பூவிதழின் மேல் போய் விழும். வாசிப்பவர் கண்ணில் அது 'பாலகுடம்'. தமிழில் புள்ளி போனால் சொல்லே போய்விடும். அதே பக்கத்தில் பிரெஞ்சு வாசகமும் இருந்தால், எழுத்தின் தலையில் வரும் சிறு கோடுகளுக்கும் இதே கதிதான்.

நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். தமிழ் எழுத்தைச் சுற்றி நுண்ணிய கோட்டு வேலைப்பாடு இருக்கிறது. ஆனால் அது வெளிறிய நிறத்தில், எழுத்து அடர்ந்த நிறத்தில். இணையப் பக்கத்துக்கும் இந்த வேறுபாடுதான் வேண்டும். இணைய அணுகல் விதிகளின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு (24 பிக்சலும் அதற்கு மேலும்) 3-க்கு 1 என்ற ஒளி மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தபட்சம் இருக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி, படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு கறுப்புப் பூச்சு. எவ்வளவு கறுப்பு என்பதை ஊகிக்க வேண்டாம்; 0 என்றால் பூச்சே இல்லை, 1 என்றால் முழுக் கறுப்பு. படத்தில் சுத்த வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கிறது என்று வைத்துக் கணக்கிடுங்கள். அதன் மேல் 0.5 அளவு கறுப்பு பூசினால், வெள்ளை எழுத்துக்குக் கிடைக்கும் மாறுபாடு 3.95 தான், போதாது. 0.55 என்றால் 4.7. 0.6 என்றால் 5.7. ஆகவே 0.6-இல் தொடங்குங்கள். படம் முழுக்க இருண்டதாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். மாறாக, வெள்ளைப் பூச்சும் சுத்தக் கறுப்பு எழுத்தும் என்றால் 0.5 போதும், படத்தின் மிக இருண்ட இடத்திலும் 5.3 கிடைக்கும். பகல் வெயிலில் கைப்பேசியில் வாசிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது முறையையே பரிந்துரைப்போம்.

பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் 'பேக்ரவுண்ட்-இமேஜ்' (பின்னணிப் படம்) வரியிலேயே பூச்சையும் எழுதலாம்: முதலில் 'லீனியர்-கிரேடியன்ட்' (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நிறப் பூச்சு), அதன் இரண்டு முனைக்கும் ஒரே நிறம், பிறகு காற்புள்ளி, பிறகு படத்தின் முகவரி. வரிசை முக்கியம். முதலில் எழுதியதுதான் மேலே நிற்கும். படத்தை முதலில் எழுதினால் பூச்சு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். எண்ணை எவ்வளவு மாற்றினாலும் பக்கம் அசையாது.

படமும் எழுத்தும் இருக்கும் பெட்டிக்கே 'ஒபாசிட்டி' (ஒளிபுகாமை அளவு) போட்டு மங்கலாக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. படத்தோடு எழுத்தும் சேர்ந்து மங்கிவிடும்.

'பேக்ரவுண்ட்-கலர்' (பின்னணி நிறம்) ஒன்றையும் கட்டாயம் கொடுங்கள், பூச்சின் நிறத்துக்கு நெருக்கமாக. படம் இறங்கத் தாமதமானாலும் எழுத்து தெளிவாகத் தெரிய இது உதவும். அந்த வரிக்குக் கீழே 'பேக்ரவுண்ட்' என்ற சுருக்க வரியை (பின்னணி அமைப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாக எழுதும் வரி) எழுதினால் நிறம் அழிந்துபோகும்; சுருக்க வரி மேலே, நிற வரி கீழே.

'பேக்ரவுண்ட்-சைஸ்: கவர்' படத்தைப் பெட்டி நிறைய விரிக்கும், மிஞ்சுவதை வெட்டும். 1600-க்கு 900 பிக்சல் படம், 390-க்கு 700 பெட்டி உள்ள கைப்பேசியில் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தெரியும். கோர் த கார்த் மலையடிக் கோயிலைப் படத்தின் வலது ஓரத்தில் எடுத்திருந்தால், கைப்பேசிக்காரர் பார்ப்பது வெறும் வானம். 'பேக்ரவுண்ட்-பொசிஷன்' மதிப்பை 80 சதவீதம் என்று வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். கணினிக்கு அதே வானம் வரம்: அமைதியான அந்தப் பரப்பின் மேல்தான் எழுத்து உட்கார வேண்டும், கூட்டத்தின் மேல் அல்ல.

படத்தை வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவில், தரம் 70 அளவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கிலோபைட்டுக்குள் அடங்கும். பூச்சு மேலே வருவதால் தரக்குறைவு கண்ணில் படாது.

தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் குறியும் உண்டு. வரி இடைவெளி 1.7 வையுங்கள். மெல்லிய எழுத்துருவைத் தவிர்த்து, தடிமன் 500 கொடுங்கள். 'டெக்ஸ்ட்-ஷேடோ' (எழுத்து நிழல்) சிறிது உதவும். ஆனால் பரவல் 4 பிக்சலைத் தாண்டினால் புள்ளியைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் ஆகும்.

முடிந்ததும் 360 பிக்சல் அகலத்தில் ஒருமுறை, படத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை, கைப்பேசியோடு வாசலில் வெயிலில் நின்று ஒருமுறை வாசியுங்கள். ஏதாவது ஒரு சொல்லில் புள்ளி தெரியவில்லையென்றால் பூச்சைக் கூட்டுங்கள். 0.75-க்கு மேல் தேவைப்பட்டால் படமே மறைந்துவிடும். அந்தப் படத்தை மேலே தனியாக வைத்து, எழுத்தை அதன் கீழே வெறும் நிறத்தில் இறக்கிவிடுங்கள்.