லாஃப்டில் பலகை போடும் முன்

இங்கிலாந்து வீடுகளில் கூரைக்கடியில் இருக்கும் லாஃப்டில் பெட்டி படுக்கைகளை ஏற்றிவைக்க எல்லாருக்கும் ஆசை. சட்டென்று செய்யும் தவறு, ஜாயிஸ்ட் எனப்படும், கீழறையின் கூரைப் பலகையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளின் மேலேயே பலகையை அடித்துவிடுவது. கட்டையின் உயரம் பெரும்பாலும் 100 மி.மீ.தான், குளிரைத் தடுக்க அங்கே விரிக்கச் சொல்லிப் பரிந்துரைக்கப்படும் இழைக் கம்பளியின் தடிமனோ 270 மி.மீ. பலகையைப் போட்டு அழுத்தினால் கம்பளி நசுங்கிவிடும். குளிரைத் தடுப்பது அதற்குள் சிக்கியிருக்கும் காற்றுதான். அது வெளியேறிவிட்டால் போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு குளிருகிறது என்பது போலத்தான்.

அதனால் லாஃப்ட் லெக் எனப்படும் பிளாஸ்டிக் கால்களை ஜாயிஸ்டில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தி, அவற்றின் மேல் பலகை போடுங்கள். கம்பளிக்கும் பலகைக்கும் நடுவே 50 மி.மீ. காற்றோட்ட இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் பலகையின் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ஆக 270-உம் 50-உம் சேர்ந்த 320-இல் கட்டையின் உயரத்தைக் கழித்துவிட்டு, அதற்குக் குறையாத உயரத்தில் கால் வாங்குங்கள். 100 மி.மீ. கட்டைக்கு 220. கடையில் முதலில் கண்ணில் படுவதைத் தூக்கி வராதீர்கள்.

இறவாரப் பக்கம் பலகையோ கம்பளியோ அடைக்க வேண்டாம், காற்று வருவதே அந்த வழியாகத்தான். ஷவருக்குப் போகும் மின்வயரைக் கம்பளிக்குள் புதைக்காதீர்கள், சூடேறும். அப்புறம், அந்தக் கட்டைகள் தரைக்காகப் போட்டவை அல்ல. கிறிஸ்துமஸ் மரம், சூட்கேஸ் சரி; புத்தகப் பெட்டிகள் வேண்டாம்.