முகாமையாளரின் அறைக்குள் போவதற்கு முன்

திருகோணமலை சீனக்குடாப் பக்கம் ஒரு ஆலையில் 26 வருடம் பொதியிடும் பகுதியில் வேலை செய்தேன். அதில் 11 வருடம் கிளைத் தொழிற்சங்கச் செயலாளர். புதிதாகத் தெரிவான பிள்ளைகள் இப்போதும் வீட்டுக்கு வந்து, "அண்ணே, நிருவாகத்தோடு எப்படிப் பேசுவது?" என்று கேட்கிறார்கள். பேச்சு பிறகு, முதலில் ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி, வாங்குங்கள் என்பேன்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்து ஆட்கள் 'பாதை' என்று நாங்கள் சொல்லும், தண்ணீரைக் கடக்கும் மிதவையில் ஏறித்தான் வேலைக்கு வரவேண்டும். பாதை பிந்தினால் அவர்களும் பிந்துவார்கள். எட்டு மணி வேலைக்கு எட்டு இருபதுக்கு வந்தால் அரைநாள் சம்பளம் வெட்டு. இரண்டு தரம் போய்ச் சொன்னோம். "பிந்துகிற எல்லாரும் பாதையைத்தான் சாட்டுச் சொல்கிறார்கள்" என்றார் முகாமையாளர். மூன்றாம் தரம் போகுமுன் கிண்ணியாவிலிருந்து வரும் நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம் கொப்பியைக் கொடுத்தோம். துறைக்கு வந்த நேரம், பாதை வெளிக்கிட்ட நேரம், கேட்டடிக்கு வந்த நேரம் என்று இரண்டு மாதம் ஒருநாள் விடாமல் எழுதினார். மழையில் நனைந்து நீல மை ஊறிப்போன பக்கங்கள். முகாமையாளர் அதைக் காவலாளியின் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் வரிவரியாக ஒத்துப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு வரியோடு கொப்பியை மூடிவிட்டார். அடுத்த கிழமை அறிவித்தல் வந்தது: பாதை பிந்திய நாளில் அந்த நேரத்தை மாலையில் வேலை செய்து ஈடுகட்டலாம், வெட்டு இல்லை.

சரி, இனி ஆள் கணக்கு. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். ஆனால் ஏழு பேரைக் கண்டு எந்த நிருவாகமும் கதிரை போடாது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம்தான் நமக்குப் பிடிமானம். யாருக்காகப் பேசப் போகிறோமோ அந்தத் தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாதவர்கள் உறுப்பினராக இருந்தால், அந்தச் சங்கத்தோடு பேச மறுப்பது தொழில்தருநரின் குற்றம். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையால் நிறுத்துவதும் அதே திருத்தத்தின்படி குற்றம். ஆகவே உறுப்பினர் பட்டியலை மாதாமாதம் சரிபாருங்கள். ஓய்வு பெற்றவரின் பெயரும் வெளிநாடு போனவரின் பெயரும் அதில் கிடந்தால், முதல் கூட்டத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டு நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள். மேன்பவர் (ஆள் அனுப்பும் கம்பனி) மூலம் வரும் பிள்ளைகளின் சம்பளச் சிட்டையில் வேறு கம்பனியின் பெயர் இருக்கும். அவர்களை இந்த 40 வீதக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். ஆனால் அவர்களுடைய குறைகளையும் கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் நின்று அதே மூட்டையைத் தூக்குகிறவர்கள் அவர்கள்.

திருகோணமலையில் ஆலை என்றால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே பெல்ட்டில் நிற்போம். செயற்குழுவில் மூன்று பக்கத்து ஆட்களும், இரவு வேலை ஆட்களும் கட்டாயம் இருக்கவேண்டும். கடிதமும் அறிவித்தலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் போகவேண்டும். ஒரு மொழியில் மட்டும் போன கடிதத்தால் எங்கள் சங்கம் ஒருமுறை பாதியாகப் பிளந்தது. ஒட்ட வைக்க ஒன்றரை வருடம் பிடித்தது.

கோரிக்கை எழுதும்போது நான் மிகவும் வற்புறுத்துவது இதுதான்: சட்டப்படி தரவேண்டியதையும் பேசிப் பெறவேண்டியதையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, அவர்கள் 12 வீதம் போட்டு, அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர்கள் 3 வீதம். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை. இவற்றில் பேரம் இல்லை. நாங்கள் ஒருமுறை சேமலாப நிதி நிலுவையையும் சம்பள உயர்வையும் ஒன்றாக எழுதிக் கொடுத்தோம். "நிலுவையைக் கட்டுகிறோம், உயர்வை விடுங்கள்" என்றார்கள். களைத்துப்போய்த் தலையாட்டிவிட்டோம். எங்கள் சொந்தக் காசை எங்களுக்கே விற்றார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கூட்டத்துக்கு மூன்று பேர் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத, மூன்றாமவர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க. செயலாளரைத் தனியாகத் தேநீருக்குக் கூப்பிடுவார்கள். "சேர், மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சத்தம் போடத் தேவையில்லை. மூலப்பொருள் கப்பல் பிந்தியதா, எந்த இயந்திரம் நின்றது, இந்த மாதம் எத்தனை லொறி வெளியே போனது என்பதை அவர்கள் சொல்லுமுன் நாம் அறிந்திருக்கவேண்டும். ஆலைக்கு உண்மையிலேயே கஷ்டம் என்றால் தவணை கொடுக்கலாம், ஆனால் திகதி போட்டு. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றால் "எத்தனையாம் திகதி, சேர்?" என்று கேளுங்கள்.

பேசியதை அன்றைக்கே எழுதி இரு தரப்பும் ஒப்பமிடவேண்டும். கூட்டு ஒப்பந்தம் என்ற அளவுக்கு வந்தால் அது தொழில் ஆணையாளருக்குப் போய் வர்த்தமானியில் வெளிவரும்வரை விடாமல் பின்தொடருங்கள். அதன் பிறகு முகாமையாளர் மாறினாலும் அது கட்டுப்படுத்தும். பேச்சு முறிந்தால் கொப்பியோடு தொழில் அலுவலகத்துக்குப் போய்ச் சமரசம் கேளுங்கள். வேலைநிறுத்தம் கடைசி. அத்தியாவசியக் கைத்தொழில் என்று அறிவிக்கப்பட்ட இடமானால் 21 நாள் எழுத்து அறிவித்தல் வேண்டும். அதைத் தவறவிட்டுப் பிள்ளைகளை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்த கையோடு வீட்டுக்குப் போய்விடவேண்டாம். பகல் ஆட்கள் வெளியே வந்து இரவு ஆட்கள் உள்ளே போகும் நேரத்தில் கேட்டடித் தேநீர்க் கடையில் நின்று, ஒப்பமிட்ட தாளை இரண்டு மொழியிலும் வாசியுங்கள். கிடைக்காததையும் சேர்த்து வாசியுங்கள். யாராவது கேள்வி கேட்டால் அதையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கடிதம் அங்கிருந்துதான் வரும்.