‘எனக்குக் கூச்சமா இருக்கு’: ஸ்பானிஷில் சொல்லப் பழகுவோம்

புது மொழியில் வாயைத் திறக்கும்போது முதலில் வந்து நிற்பது கூச்சம்தான். அதற்கான ஸ்பானிஷ் சொல்லையே முதலில் கற்றுக்கொள்வோம்: பெர்குவென்ஸா (vergüenza). வெட்கம், கூச்சம், அவமானம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும்.

படி 1: வாயில் வரவழையுங்கள்

எழுத்தில் ‘வி’ என்று தொடங்கினாலும், ஒலி ‘பஸ்’ஸில் வரும் ப. அடுத்து வரும் கு, மார்கழியில் உள்ள க போல மென்மையானது. அழுத்தம் ‘வென்’ மீது. கடைசி ‘ஸா’ லத்தீன் அமெரிக்க உச்சரிப்பு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்துச் சொல்வார்கள். எழுதும்போது ‘யு’வின் தலையில் இரண்டு புள்ளிகள் கட்டாயம். அவை இல்லாவிட்டால் ‘குவென்’ என்பதைக் ‘கென்’ என்றுதான் படிப்பார்கள்.

படி 2: வாக்கியமாகவே மனப்பாடம் செய்யுங்கள்

மே தா பெர்குவென்ஸா.

மே என்றால் எனக்கு. தா என்றால் தருகிறது. ஒலி ‘அது’வில் வரும் த. ‘நான்’ என்று தொடங்காமல் ‘எனக்கு’ என்று தொடங்குவது நமக்குப் பழக்கமானதுதானே! இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஸ்பானிஷ் நிஜமாகவே சுலபம். பேசுவது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லை மாற்றவும் வேண்டாம்.

ஆள் மாறினால் முதல் சொல்லை மட்டும் மாற்றுங்கள். உனக்கு என்றால் தே, அவருக்கு என்றால் லே, நமக்கு என்றால் நோஸ், அவர்களுக்கு என்றால் லேஸ். ‘தா பெர்குவென்ஸா’ அப்படியே இருக்கும். கூச்சம் இல்லை என்றால் முன்னால் ஒரு ‘நோ’.

எதற்குக் கூச்சம் என்பது கடைசியில் வரும்: மே தா பெர்குவென்ஸா அப்லார் என் பூப்லிகோ. எல்லோர் முன்னாலும் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

படி 3: இரண்டு இடங்களில் கவனம்

‘எம்பாரஸ்ட்’ (embarrassed) என்ற ஆங்கிலச் சொல்லை நினைத்துக்கொண்டு ‘எம்பாரஸாதா’ என்று சொல்லிவிடாதீர்கள். அதற்குக் கர்ப்பிணி என்று பொருள்.

அப்புறம், மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் ‘மே தா பேனா’ என்பார்கள். அங்கே அது கூச்சம். ஸ்பெயினில் அதே வாக்கியத்துக்கு வருத்தமாக, பாவமாக இருக்கிறது என்று அர்த்தம். யாரோடு பேசப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: பழகுங்கள்

உங்களுக்குக் கூச்சம் தரும் மூன்று விஷயங்களை ‘மே தா பெர்குவென்ஸா’வில் தொடங்கி எழுதி, சத்தமாகப் படியுங்கள். பாட என்றால் காந்தார், ஆட என்றால் பைலார், கேள்வி கேட்க என்றால் ப்ரெகுந்தார். பிறகு அதே மூன்றையும் ‘நோ’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.