மஞ்சள் தூளும் ஒரு பந்தயமும்

கடையில் விற்கும் ‘சயின்ஸ் கிட்’ பெட்டிகளை நான் வாங்குவதில்லை. என்ன நடக்கப்போகிறது என்பதைப் பெட்டியின் மேலேயே படம் போட்டுவிடுகிறார்கள். ஊகிக்க ஒன்றுமே மிச்சமில்லை என்றால் பிள்ளைகளுக்கு அதில் என்ன சுவாரசியம்? எங்கள் வீட்டில் பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்த சாமான் மஞ்சள் தூள்தான்.

ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பிரஷ்ஷால் பூசி, நிழலில் காயவிடுங்கள். பழைய துணி போட்டுவிடுவது நல்லது. சின்னக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், ஆப்ப சோடாக் கரைசல், தயிர், ஷாம்பு எடுத்துவையுங்கள். தொட்டு வைக்கக் காது குடையும் பட்ஸ் போதும்.

உடனே தொட விடாதீர்கள். முதலில் பந்தயம். காலண்டர் தாளின் பின்பக்கம் ‘சிவக்கும்’, ‘சிவக்காது’ என்று இரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் எல்லோரும் தங்கள் ஊகத்தைக் குறிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பாட்டிக்கும் ஒரு ஓட்டு உண்டு. ஊகித்தவன்தான் முடிவைக் கண் கொட்டாமல் பார்ப்பான்.

சோப்புத் தண்ணீர் பட்ட இடம் செங்கல் நிறமாகும். ஆப்ப சோடா லேசாகத்தான் மாற்றும். எலுமிச்சை, புளி, தயிர் மூன்றும் சும்மா இருக்கும். ஷாம்பு என்ன செய்யும் என்று சொல்லமாட்டேன், அது உங்கள் பாட்டிலைப் பொறுத்தது. அப்புறம், சிவந்த இடத்தில் எலுமிச்சையை வைத்தால் மறுபடி மஞ்சள்!

“ஏம்மா?” என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. “நீ என்ன நினைக்கிற, கண்ணு?” என்று திருப்பிக் கேட்பேன். சின்னவன் சொன்னது: “சோப்பு மஞ்சளைக் கடிச்சிடுச்சு, அதான் ரத்தம். எலுமிச்சை மருந்து.” சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. “சரி, வேற எதெல்லாம் மருந்து?” என்றேன். புளித்தண்ணீரையும் தயிரையும் சிவப்பின் மேல் அவனே வைத்துப் பார்த்தான். அவன் விளக்கம் தப்புதான், ஆனால் அடுத்த சோதனைக்கு அதுவே வழி காட்டியது.

பெரியவளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னேன்: மஞ்சளில் குர்குமின் என்ற பொருள் இருக்கிறது, சோப்பு, சோடா மாதிரியான காரம் (மிளகாய்க் காரம் இல்லை) சேர்ந்தால் சிவக்கும், எலுமிச்சை மாதிரியான அமிலம் சேர்ந்தால் மஞ்சளுக்குத் திரும்பும். “அப்போ ஆரத்தித் தண்ணி?” என்றாள். அதேதான், மஞ்சளோடு சுண்ணாம்பு. செய்து காட்டலாம், ஆனால் சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து.

மிச்சத் தாளின் மேல் ஒரு நாணயத்தை வைத்து நல்ல வெயிலில் போட்டுவிடுங்கள். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்து, நாணயத்தின் அடியில் மட்டும் மஞ்சள் வட்டம் நிற்கும். ஒரே நாளில் சரியாகத் தெரியாவிட்டால் மறுநாளும் வையுங்கள். துணியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போடச் சொல்வதும் இதனால்தான்.

தோசை மாவுக்கும் இதே பந்தயம்தான். இரண்டு டம்ளரில் பாதி அளவு மாவு, ஒன்று மேடையில், ஒன்று ஃப்ரிட்ஜில். மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் எது எவ்வளவு பொங்கியது என்று காலையில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சென்னையில் இருப்பவர்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி நண்பகலில் மொட்டை மாடிக்குப் போங்கள். சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. மற்ற ஊர்களில் தேதி மாறும். வெறுங்காலோடு மட்டும் கூட்டிப்போகாதீர்கள், மாடித் தரை கொதிக்கும்.

யோசனை தீர்ந்துபோனால் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தைப் பாருங்கள். குப்பையில் போகும் ஸ்ட்ராவிலும் தீப்பெட்டியிலும் பொம்மை செய்யச் சொல்லித்தருகிறார், தமிழிலும் கிடைக்கிறது.