அடுத்தவர் தலையை நேர்ந்துகொள்ளாதீர்கள்

தைப்பூசத்துக்குக் கொடைக்கானலிலிருந்து பழனிக்கு நடக்கும் எங்கள் குழுவில் வருடா வருடம் புதிதாகச் சிலர் சேர்கிறார்கள். மாலை போட்ட அன்றே, அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளைத் தொடங்கிவிடுகிறார்கள். குளிக்காமல் விளக்கேற்றலாமா, எந்தத் திசை பார்த்துக் கும்பிடுவது என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். நான் அதற்கு வரவில்லை.

எடுத்த எடுப்பில் ஒரு மண்டலம்

48 நாள், இரண்டு வேளை, ஒரு மணி நேரப் பாராயணம் என்று ஆரம்பிப்பார்கள். முதல் வாரத்திலேயே ஒருநாள் தூங்கிவிடுவார்கள். விரதம் முறிந்தது என்று விளக்கையே எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். வேலைக்குக் கிளம்பும் முன் திருநீறு பூசி இரண்டு நிமிடம் நில்லுங்கள். விட்டுப்போனால் மறுநாள் நில்லுங்கள்.

இன்னொருவர் பெயரில் நேர்த்திக்கடன்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

எங்களோடு வந்த ஒரு பெண்ணுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. கணவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, குணமானால் மருமகள் முடியைத் தருவதாக மாமியார் வேண்டிக்கொண்டாராம். அடிவாரத்தில் முடிகாணிக்கை மண்டபத்துக்கு வந்த பிறகுதான் அவளிடமே சொன்னார்கள். "அண்ணா, என்கிட்ட யாருமே கேக்கல" என்றாள்.

மாமியாரிடம் பேசிப் பார்த்தேன். "பூமுடியா கொஞ்சம் நறுக்கிக் கொடுத்தாப் போதும்மா, நிறையப் பேர் அப்படித்தான் கொடுக்கிறாங்க."

"சொன்னதைக் குறைச்சா சாமி குத்தம் தம்பி."

"சரி, வேண்டிக்கிட்டது நீங்க. உங்க முடியைக் கொடுங்களேன்."

"நரைச்ச முடியையா கொடுக்கச் சொல்ற?"

மொட்டை போட்டார்கள். 2021 முதல் கோயில்களில் அதற்குக் கட்டணம் கிடையாது. அந்த அம்மாவுக்கு அதில் ஒரு திருப்தி வேறு. அந்தப் பெண் 693 படிகளில் ஒன்றுகூட ஏறவில்லை, கீழேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது வீட்டில் விளக்குகூட ஏற்றுவதில்லை என்று கணவர் என்னிடம் குறைப்பட்டார். அவரிடம் நான் நல்லபடியாகப் பேசவில்லை.

இன்னொரு முறை, முழங்கால் வலியோடு ஒரு பையனைப் பெருமாள்மலையிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி வந்தோம். நேர்ந்தது அவன் அப்பா. அவர் பஸ்ஸில் வந்து பழனியில் காத்திருந்தார்.

காவடி வந்த கதையைப் பாருங்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் இடும்பன் தன் தோளில்தான் தூக்கி வந்தான். அகத்தியர் ஏவித்தானே என்பீர்கள். ஏவினார், அவனும் சம்மதித்துத் தூக்கினான்.

கைக்குழந்தைக்கு முதல் மொட்டை, தாய்மாமன் மடியில் காதுகுத்து எல்லாம் வேறு கணக்கு. அது குல வழக்கம். விவரம் தெரிந்தவர்களின் முடியையும் கால்களையும் கேட்காமல் எழுதிக் கொடுக்க நாம் யார்?

ஆஸ்பத்திரி வராண்டாவில் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம், புரிகிறது. அந்த நேரத்துக்கென்றே நம் பாட்டிமார் ஒரு வழி வைத்திருந்தார்கள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். கைக்கு ஒரு வேலை கிடைக்கும், மனம் கொஞ்சம் அடங்கும். என்ன தருவது என்பதை விடிந்த பிறகு யோசிக்கலாம். அப்போதும் உங்களால் ஆவதை மட்டும் சொல்லுங்கள்: நான் நடக்கிறேன், நான் விரதம் இருக்கிறேன். இன்னொருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அவரைக் கேளுங்கள். மாட்டேன் என்றால் அதோடு விடுங்கள்.

பேரம்

இது நடந்தால் அது தருகிறேன் என்று சொல்லலாம், தப்பில்லை. முருகனுக்குத் தேதி மட்டும் குறிக்காதீர்கள்.

அடிவாரத்தைத் தாண்டி ஓடுவது

மூன்றாம் படைவீடான திருஆவினன்குடி கீழேதான் இருக்கிறது. வின்ச் வரிசைக்கு ஓடும் அவசரத்தில் பாதிப் பேர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

கைப்பேசி

2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் அனுமதி இல்லை. கீழேயே கொடுத்துவிட்டு ஏறுங்கள்.