வால்வு சுருங்கியவருக்குப் பிரசர் பார்ப்பது எப்படி

அப்பாவுக்குக் கிளிநொச்சி வட்டக்கச்சியில் வயல், இரணைமடுக் குளத்துத் தண்ணீர். 59 வயதில், பசளை மூட்டையோடு சைக்கிள் உழக்கி வரும்போது வழியில் இறங்கி நிற்கத் தொடங்கினார். 150இல் நின்ற பிரசர் அந்த மாதங்களில்தான் 108/86க்கு இறங்கியது. குளிசை பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். "வயசு போகுது, களைக்கும்தானே" என்று மருந்து எழுதியவரும் சொன்னார். ஒருநாள் வரம்பில் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகுதான் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் போகும் பெருநாடி வால்வு சுருங்கியிருந்தது.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள்: இரண்டு எண்ணையும் எழுதி, இடைவெளியைப் பாருங்கள். வழமையாக 40 அளவில் இருக்கும். அப்பாவுக்கு 22. வால்வும் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவு மாதிரித்தான்: கதவு அரைவாசியில் இறுகினால் குளத்துப் பக்கம் அழுத்தம் நிற்கும், வாய்க்காலுக்குத் தண்ணீர் காணாது. கையில் சுற்றும் பட்டி காட்டுவது வாய்க்கால் பக்கத்தை மட்டும்தான். கையில் 108 இருந்த நேரம் அப்பாவின் இதயத்துக்குள் 150க்கு மேல் இருந்திருக்கிறது. அவ்வளவுக்குத் தள்ளித் தள்ளி இடது அறையின் சுவர் தடிக்கும், பிறகு தளரும். ஆனால் வால்வு சுருங்கிய பலருக்குப் பிரசர் கூடியும் இருக்கும். எண் நன்றாக இருக்கிறது என்று எக்கோவைத் தள்ளிப் போடாதீர்கள்.

கிளினிக்கில் "களைக்குது" என்று மட்டும் சொன்னால் காணாது. "போன மாசம் துருசடி மட்டும் நிக்காமல் போவார், இப்ப மதகடியிலேயே நிக்கிறார்" என்று சொல்லுங்கள். நடக்கும்போது மூச்சு வாங்குவது, நெஞ்சு இறுகுவது, தலை சுற்றி விழுவது, மூன்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். எக்கோத் துண்டில் வால்வின் பரப்பைக் கேளுங்கள். 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் இருக்க வேண்டியது 1க்குக் கீழே போனாலோ, இரத்தம் பாயும் வேகம் செக்கனுக்கு 4 மீற்றரைத் தொட்டாலோ சுருக்கம் கடுமை.

நெஞ்சு நோகுதென்று பக்கத்து வீட்டார் நாக்குக்குக் கீழே வைக்கும் நெஞ்சு நோக் குளிசையைக் கொடுத்துவிடாதீர்கள். பிரசர் சட்டென்று விழும். பிரசர் குளிசையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

சுருங்கிய வால்வைத் திறக்கக் குளிசை கிடையாது. மாற்றத்தான் வேண்டும்: நெஞ்சைத் திறந்து, அல்லது சிலருக்குத் தொடை நாடி வழியாக. அப்பா ஒப்பரேசனுக்குப் பயந்து ஒரு சிறுபோகத்தைக் கடத்தினார். அது எனக்கு இன்றும் ஆறாத கவலை. அறிகுறி வந்தபின் கடக்கும் ஒவ்வொரு மாதமும் ஆபத்து.

அவருடைய வால்வில் பிறப்பிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு. இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் நானும் தம்பியும் எக்கோ எடுத்தோம். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

அப்பாவுக்கு வைத்தது உலோக வால்வு. இரவில் மின்விசிறியை நிறுத்தினால் பக்கத்துப் பாயில் படுக்கும் அம்மாவுக்கு அதன் டிக் டிக் கேட்கும். வாழ்நாள் முழுக்க, இரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை போட வேண்டும். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் அவருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் எதையும் நாங்கள் நிறுத்தவில்லை. ஒரு கிழமை அள்ளிப் போட்டு மறு கிழமை இல்லாமல் விடாமல், அந்த எண் ஆடாமலிருக்க ஒரே அளவாகக் கொடுக்கிறோம். மூட்டு நோவுக்குக் கடையில் குளிசை வாங்குவதில்லை. பல் பிடுங்க முதல் பல் வைத்தியரிடம் வால்வைப் பற்றிச் சொல்கிறோம். காலபோக விதைப்பு நெருக்கத்தில்தான் இரத்தப் பரிசோதனை தவறும். அந்தத் திகதியை விதைநெல் சாக்கிலேயே எழுதிக் கட்டிவிடுவேன்.